கதைக்கருவுக்குத் தகுதிச் சான்று கோரி ஏழாவது மாடிக்கு

அன்புள்ள தங்கைக்கு,

உன் அண்ணன் எழுதிக்கொள்வது. நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கலாமா என்று யோசித்தேன். ஆறு வருடம் ஒரு வார்த்தை பேசாமல் இருந்துவிட்டுத் திடீரென்று நலமறிய ஆவல் என்றால், இத்தனை நாள் அந்த ஆவல் எங்கே போயிருந்தது என்று நீ கேட்பாய். நியாயம்தான். அதனால் அந்த வரியை எழுதி அடித்திருக்கிறேன். அடித்தது தெரியும்படிதான் அடித்திருக்கிறேன். மாப்பிள்ளைக்கு என் வணக்கம். உன் மாமியாரின் முழங்கால் இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை, ஆனாலும் கேட்டு வைக்கிறேன்.

இதைச் சமாதானக் கடிதம் என்று தப்பாக எடுத்துக்கொள்ளாதே. இது முழுக்க முழுக்கத் தொழில் சம்பந்தப்பட்ட விசாரணை. விஷயம் என்னவென்றால், நான் ஒரு கதை எழுதலாம் என்றிருக்கிறேன். சிரிக்காதே. பணி ஓய்வு பெற்று எட்டு மாதம் ஆகிறது. முப்பத்து நான்கு வருடம் ஊரிலுள்ள லிஃப்டுகளில் எல்லாம் மேலும் கீழும் போய்வந்து சோதித்துச் சான்று கொடுத்தவனுக்கு, காலையில் எழுந்தால் சோதிக்க ஒன்றும் இல்லை. முதல் மாதம் வீட்டுக் கதவுகளின் கீல்களைச் சோதித்தேன். இரண்டாம் மாதம் சமையலறை அலமாரியில் எந்தத் தட்டு எத்தனை கிலோ தாங்கும் என்று எழுதி ஒட்டினேன். மூன்றாம் மாதம் உன் அண்ணி ஒரு நோட்டையும் பேனாவையும் என் கையில் திணித்து, "ஏதாவது எழுதுங்க. என்ன வேணா எழுதுங்க. ஆனா உட்கார்ந்த இடத்தை விட்டு எந்திரிக்காம எழுதுங்க" என்றாள். இலக்கியத்துக்குள் நான் வந்தது இப்படித்தான்.

ஆனால் சோதிக்காத எதையும் ஓட விட்டவன் இல்லை உன் அண்ணன். கதை எழுதுகிறவர்கள் பலர் பாதிக் கதையில் மேலேயும் போக முடியாமல் கீழேயும் வர முடியாமல் முழிக்கிறார்கள் என்று கேள்வி. புறப்படுவதற்கு முன்னால் ஒழுங்காகப் பார்த்திருந்தால் இந்த அவஸ்தை உண்டா? நீயோ பதிப்பகத்தில் வந்து குவிகிற கையெழுத்துப் பிரதிகளைப் படித்து, எது தேறும் எது தேறாது என்று சொல்கிற உத்தியோகத்தில் இருக்கிறாய். ஒரு வகையில் நீயும் ஆய்வாளர்தான், ரத்தம் எங்கே போகும். ‘எழுத உட்காருமுன் கதைக்கருவிடம் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்’ என்று நீ வாரப் பத்திரிகையில் எழுதிய கட்டுரை, முடிதிருத்தும் கடையில் தற்செயலாக என் கண்ணில் பட்டது. (இந்த இடத்தில் உன் அண்ணி தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "தற்செயலாவா? உங்க தங்கச்சி எழுதறாங்கன்னுதானே ஆறு வருஷமா அந்தப் பத்திரிகையை வீட்டுக்கு வரவழைக்கறீங்க? முதல்ல அந்தப் பக்கத்தைத்தானே திருப்பறீங்க?" என்கிறாள். அவளுக்கு என்ன தெரியும்.) அந்த ஐந்து கேள்விகளையும் எங்கள் துறையின் பழைய சோதனைப் படிவத்தில் அப்படியே பொருத்தி, மூன்று பிரதி எடுத்து, முறைப்படி வேலையில் இறங்கினேன்.

கரு இதுதான். ஒரு நேர்மையான லிஃப்ட் ஆய்வாளர். அவருக்கு ஒரே தங்கை. அவள் ஏழாவது மாடியில் வீடு வாங்கிக் குடிபோகிற நாளில் அவரும் குடும்பத்தோடு போகிறார். லிஃப்டில் ஏறுகிறார். ஏழாவது மாடியில் கதவு திறந்தால், வெளித் தரையை விட லிஃப்டின் தரை இரண்டு விரல் தாழ்ந்து நிற்கிறது. கடமை கூப்பிடுகிறது. சட்டைப் பையில் எப்போதும் வைத்திருக்கும் சிவப்புத் தாளை எடுத்து, ‘உபயோகத்துக்குத் தகுதியற்றது’ என்று ஒட்டிச் சீல் வைத்துவிடுகிறார். வந்த விருந்தாளிகள் படியேறுகிறார்கள். தங்கையின் மாமியார், முழங்காலில் அறுவைச் சிகிச்சை முடிந்து நாற்பதே நாள் ஆனவர், மாடிக்கு மாடி நாற்காலி போட்டு உட்கார்ந்து உட்கார்ந்து ஏறுகிறார். ஃப்ரிட்ஜ் நான்காவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவிலுள்ள திருப்பத்தில் மாட்டிக்கொண்டு இரண்டு நாள் அங்கேயே குடித்தனம் நடத்துகிறது. தங்கையின் முதலாளி அண்ணாந்து மாடியைப் பார்த்துவிட்டு, பூங்கொத்தைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டுப் போகிறார். தங்கை ஏழு மாடி இறங்கி வந்து, "அண்ணா, இன்னைக்கு ஒரு நாள் நீ எனக்கு அண்ணனா மட்டும் இருந்திருக்கலாம்" என்று சொல்லிவிட்டு, மறுபடி ஏழு மாடி ஏறிப் போகிறாள். அதோடு பேச்சு நின்றுபோகிறது. இதில் வருபவர்கள் யாவரும் கற்பனைப் பாத்திரங்கள், உயிரோடு இருக்கிற யாரையும் குறிப்பன அல்ல.

உன் முதல் கேள்வி, கருவை ஒரே வரியில் சொல்ல முடிகிறதா என்பது. முடிதிருத்தும் கடைக்காரரிடம் சொல்லிப் பார்த்தேன். "நேர்மைக்காகத் தங்கையையே இழந்த ஒரு ஆய்வாளரின் கதை" என்றேன். நன்றாகத்தான் இருந்தது. அவர் என் மீசையைச் சரிசெய்துகொண்டிருந்தார். கத்தியை எடுக்காமலே, "எல்லாம் சரி சார், அந்த லிஃப்டை அன்னைக்கு ஒரு பொழுது ஓட விட்டிருந்தா என்ன ஆயிருக்கும்?" என்று கேட்டார். "என்ன ஆயிருக்குமா!" என்று நான் திரும்பினேன். திரும்பியிருக்கக் கூடாது. ஒரு பக்க மீசை கத்தியோடு போய்விட்டது. சமநிலைக்காக மறுபக்கத்தையும் எடுக்க வேண்டியதாயிற்று. முப்பது வருடத்து மீசை. படிவத்தில், ‘ஒரே வரியில் சொல்ல முடிகிறது; கூரிய கருவிகள் அருகில் இருக்கும்போது சொல்லக் கூடாது’ என்று எழுதிக்கொண்டேன்.

இரண்டாவது கேள்வி, கதாநாயகனுக்கு என்ன வேண்டும். மீசையில்லாத முகத்தோடு வீட்டுக்குப் போனால் இந்த மாதிரி ஆழமான விஷயத்தை யார் காதில் போட்டுக்கொள்கிறார்கள்? சிரித்து முடிக்கட்டும் என்று காத்திருந்து, "அவருக்கு வேண்டியது நீதி, பொதுமக்களின் பாதுகாப்பு" என்றேன். உன் அண்ணி துணி மடித்துக்கொண்டே, "அதெல்லாம் ஒண்ணுமில்ல. ‘நல்லவேளை நீங்க இருந்தீங்க’ன்னு நாலு பேர் சொல்லணும். அவ்வளவுதான் அவருக்கு வேணும்" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் உன் மருமகள் கைபேசியிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தாமல், "அப்பா, பேசாம அத்தை பக்கத்துலேர்ந்து எழுதிடுங்க. கதை அத்தைகிட்டதான் இருக்கு. உங்ககிட்ட விதிமுறைப் புத்தகம்தான் இருக்கு" என்கிறாள். இது உன் அத்தை இல்லை, கற்பனை என்றேன். "சரி, அந்தக் கற்பனை அத்தை" என்கிறாள். பெற்றது அப்படி. சரி, ஆள் அடையாளமே வேண்டாம் என்று தங்கையைத் தம்பியாக மாற்றிப் பார்த்தேன். தம்பியென்றால் அன்றைக்கே படிக்கட்டில் கட்டிப் புரண்டு சண்டை போட்டு, மாலைக்குள் ஒன்றாக உட்கார்ந்து காபி குடித்திருப்பார்கள். ஆறு வருடம் இழுக்கவில்லை. மறுபடி தங்கையாகவே ஆக்கிவிட்டேன்.

மூன்றாவது, கதாநாயகன் எதை இழக்கிறான் என்பது. இந்தக் கேள்விக்கு நான் ஆள் தேடிப் போகவில்லை, பல்வலிக்காகப் போன இடத்தில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். பல் மருத்துவர் ஒரு பெண். மரத்துப் போகிற ஊசி வேலை செய்வதற்குள் கதையை முழுக்கச் சொல்லிவிட்டேன். அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டு, என் வாயில் இரண்டு கருவிகளையும் ஒரு பஞ்சுருண்டையையும் வைத்து, நான் இனிமேல் பேச முடியாது என்று உறுதிசெய்துகொண்ட பிறகு ஆரம்பித்தார். "எங்க அண்ணனும் இப்படித்தான் சார். நான் கிளினிக் திறந்த அன்னைக்கு வந்து, இந்த நாற்காலி ஒரு பக்கம் சாய்ஞ்சிருக்குன்னு அளவு நாடா கேட்டார். எனக்குக் கோபமெல்லாம் இல்ல. நல்லது கெட்டது எதுன்னாலும் அவருக்குச் சொல்லணும்னு போனை எடுப்பேன். அப்புறம், சரி நாளைக்குச் சொல்லிக்கலாம்னு வச்சிடுவேன். அந்த நாளைக்கு இன்னும் வரல. வாயை இன்னும் கொஞ்சம் அகலமாத் திறங்க." ஒருவர் என் குறையைச் சொல்லி முடிக்கிற வரைக்கும் நான் குறுக்கே பேசாமல் இருந்தது என் ஆயுளில் அதுதான் முதல் தடவை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "வலிக்குதா?" என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன். இன்னொரு ஊசி போட்டுவிட்டார். படிவத்தின் அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல், ‘பார்வையிடப்பட்டது’ என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.

நான்காவது கேள்வி, முழுக் கதையின் பளுவையும் கரு தாங்குமா. இது நம்ம ஏரியா. பளு சோதனை என்றால் வெறும் லிஃப்டை ஓட்டிப் பார்ப்பதில்லை, ஆளை ஏற்றித்தான் பார்க்க வேண்டும். முழுக் கதையையும் பொறுமையாகக் கேட்க ஆட்கள் வேண்டுமே, எங்கே போவது? எங்கள் குடியிருப்பிலேயே லிஃப்ட் இருக்கிறது. காலை எட்டரை மணிக்கு அதில் ஏறினேன். உள்ளே ஒரு டியூஷன் ஆசிரியை, சிலிண்டர் போடுகிறவர், மூன்றாவது மாடிக்குப் புதிதாகக் கல்யாணமாகிக் குடிவந்திருக்கும் கணவன் மனைவி. கதையைத் தொடங்கினேன். இரண்டாவது மாடியிலேயே அவர்கள் நெளிய ஆரம்பித்தார்கள். மூன்றாவது மாடி வந்தால் பாதிப் பேர் இறங்கிவிடுவார்களே என்கிற பதற்றத்தில், நிறுத்தப் பொத்தானை அமுக்கிவிட்டேன். அவசரத்துக்குத் தவிர இதைத் தொடக் கூடாது என்று எத்தனையோ லிஃப்டுகளில் எழுதி ஒட்டிய அதே கையால் அமுக்கினேன். கதை முடிந்தது. பொத்தானை விடுவித்தால் லிஃப்ட் அசையவில்லை. ஆசிரியைக்கு வகுப்புப் போயிற்று, புதுக் கணவனுக்கு அலுவலகம் போயிற்று, சிலிண்டர்காரர் மட்டும் சிலிண்டர் மேல் வசதியாக உட்கார்ந்துகொண்டு, "அந்த ஃப்ரிட்ஜை எப்படி சார் எடுத்தாங்க?" என்று கேட்டார். விமர்சகர் என்றால் அவர்தான்.

நாற்பது நிமிடம் கழித்து மெக்கானிக் வந்தார். கதவிடுக்கு வழியாக எட்டிப் பார்த்து, "சார்! நீங்களா உள்ள?" என்றார். பழைய ஆள், நான் பயிற்சி வகுப்பு எடுத்த காலத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்தவர். அவர் வேலை பார்க்கிற நேரத்தில் புதுப் பெண்டாட்டி, எதற்காக மாட்டிக்கொண்டோம் என்பதை விளக்கப் போய், கதை முழுவதையும் அவரிடம் ஒப்பித்துவிட்டாள். அந்தப் பெண்ணுக்கு நல்ல ஞாபக சக்தி. மெக்கானிக் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டார். "ரெண்டு விரல் தாழ்ந்து நின்னா, ஏழு நாளுக்குள்ள சரிபண்ணச் சொல்லி நோட்டீஸ்தானே சார்? ஒரு மணி நேரத்துல சரிபண்ற சமாசாரம். கயிறு தேஞ்சிருந்தாலோ பிரேக் பிடிக்கலைன்னாலோதானே சீல்? நீங்கதானே எங்களுக்கு இந்தப் பாடமே எடுத்தீங்க?" என்றார். உள்ளே இருந்த நாலு பேரும் என்னைப் பார்த்தார்கள். "அப்ப அவரு ஏன் சீல் வச்சாரு?" என்று புதுப் பெண் கேட்டாள். லிஃப்டுக்குள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் வழியில்லை, மூன்று பக்கமும் ஆட்கள், நாலாவது பக்கம் கண்ணாடி. மறுநாள் குடியிருப்போர் சங்கம் லிஃப்டில் ஒரு புது அறிவிப்பு ஒட்டிவிட்டது. உள்ளே புகை பிடிப்பதும் எச்சில் துப்புவதும் கதை சொல்வதும் தடை செய்யப்பட்டிருக்கின்றன.

கடைசிக் கேள்வி, ‘இந்தக் கதையை நீ ஏன் எழுத வேண்டும்?’ என்பது. இந்தக் கட்டத்தைப் பதினோரு நாள் காலியாக வைத்திருந்தேன். முதலில் ‘சமுதாய விழிப்புணர்வுக்காக’ என்று எழுதினேன். உன் அண்ணி படித்துவிட்டு, பேனாவின் மூடியைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். அடித்துவிட்டேன். பிறகு வேறு எழுதினேன். அதை அப்படியே இங்கே எடுத்தெழுதுகிறேன். தங்கை என்று வர வேண்டிய இடத்தில் நீ என்று வந்துவிட்டது, திருத்த மனம் வரவில்லை.

நீ வீடு வாங்கப்போவதை என்னிடம் சொல்லவில்லை. நான்கு மாதம் கட்டடம் கட்டடமாக ஏறி இறங்கியிருக்கிறாய். மாப்பிள்ளையின் தம்பியைக் கேட்டிருக்கிறாய், உன் அலுவலகத்தில் தட்டச்சு செய்கிற பெண்ணைக்கூடக் கேட்டிருக்கிறாய். இந்த ஊரில் எந்தக் கட்டடம் உருப்படி, எது உதவாக்கரை என்று விரல் நுனியில் வைத்துக்கொண்டு உன் கூடப்பிறந்தவன் ஒருவன் இருக்கிறான், அவனை நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை. எல்லாம் முடிந்த பிறகு, மற்ற விருந்தாளிகளுக்குச் சொன்னதைப் போலவே எனக்கும் தேதியைச் சொன்னாய். அந்த லிஃப்டில் கால் வைக்கும்போதே ஏதாவது குறை கிடைக்காதா என்று என் கண் அலைந்தது. இரண்டு விரல் கிடைத்தது. கிடைத்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது, தங்கச்சி. உன் மாமியார் மூன்றாவது மாடி நாற்காலியில் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோதுதான் அந்தச் சந்தோஷம் போயிற்று. அதற்குள் ஒட்டியாகிவிட்டது. ஒட்டினதைப் பிய்த்தால் என் மரியாதை என்ன ஆவது என்று அதையே பிடித்துக்கொண்டு ஆறு வருடம் நின்றுவிட்டேன். நோட்டீஸ் விஷயத்தை யாரிடமும் சொல்லவில்லை, உன் அண்ணியிடம்கூட. தப்பு என்னுடையது.

ஆகவே, ஆய்வின் முடிவு வருமாறு. கருவுக்கு இன்னும் சான்று வழங்கப்படவில்லை. தன் வேலைக்குத் தானே சான்று கொடுத்துக்கொள்ளக் கூடாது என்பது துறையின் விதி, படிவத்தின் அடியில் இரண்டாவது ஆய்வாளருக்கான இடம் காலியாக இருக்கிறது. அதில் உன் கையெழுத்து வேண்டும். படிவத்தின் மூன்று பிரதிகளையும் இத்துடன் இணைத்திருக்கிறேன். நீ சரி என்றால் எழுத உட்காருவேன். வேண்டாம் என்றால், நோட்டை மூடி உன் அண்ணியிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கீல்களைப் பார்க்கப் போய்விடுவேன். மாதக் கணக்கில் ஆனாலும் சரி, உன் பதில் வராமல் ஒரு வரி, ஒரு எழுத்து எழுத மாட்டேன். சம்பந்தப்பட்டவர்களைக் கேட்காமல் ஒரு காரியத்தில் இறங்குகிற வழக்கம் உன் அண்ணனுக்கு என்றைக்கும் இருந்ததில்லை.

நீயும் மாப்பிள்ளையும் சகல சௌக்கியங்களோடும் இருக்க வேண்டும், நீங்கள் ஏறுகிற லிஃப்டெல்லாம் தரைமட்டம் பார்த்து நிற்க வேண்டும் என்று வாழ்த்தும்,

உன் அண்ணன்
(ஆய்வாளர், ஓய்வு)

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது உன் அண்ணி வாங்கிப் படித்துவிட்டு, "உண்மையை எழுதாம இதை அனுப்ப விடமாட்டேன்" என்று பசையை எடுத்து ஒளித்துவைத்துவிட்டாள். எழுதிவிடுகிறேன். கதையை நான் நான்கு மாதத்துக்கு முன்பே எழுதி முடித்தாயிற்று. எந்தக் கேள்வியும் கேட்காமல் ஒரே வாரத்தில் எழுதி, நீ கட்டுரை எழுதுகிற அதே பத்திரிகைக்கு அனுப்பியும் ஆயிற்று. உன் ஐந்து கேள்விகள் அதற்கு அடுத்த வாரம்தான் வெளிவந்தன. சோதித்தால் கதை எப்படியாவது தேறிவிடும் என்று நம்பித்தான் இவ்வளவும் செய்தேன். அந்தக் கதையில் ஏழு நாள் நோட்டீஸ் கிடையாது. ஆய்வாளர் மகா உத்தமர். கடைசியில் தங்கை படியிறங்கி வந்து அவரிடம் மன்னிப்புக் கேட்டு அழுகிறாள். சோகக் கதை என்று அனுப்பினேன், நகைச்சுவைப் பகுதியில் போடுகிறார்களாம். நிறுத்திவிடுங்கள் என்று போன வாரம் போன் செய்தேன், அச்சாகிவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை வருகிறது. உன்னிடம் ஏன் முதலில் கேட்கவில்லை என்று நீ கேட்பாய். கேட்டால் நீ ஏதாவது குறை சொல்வாய், எழுதுகிற ஆசையே போய்விடும் என்று பயம். ஆசைப்பட்டுச் செய்கிற ஒன்றைக் குறை கண்டுபிடிக்கிறவர்களிடம் முன்கூட்டிக் காட்ட எப்படி மனசு வரும்? வீடு பார்க்கும்போது உனக்கும் இப்படித்தான் இருந்ததா? படித்ததும் என்னைத் திட்டத் தோன்றும். கடிதத்தில் திட்டாதே, வந்து சேர்வதற்குள் ஆறிவிடும். போனில் திட்டு. காலை பத்து மணியிலிருந்து மாலை ஐந்து வரை வீட்டில் இருப்பேன். மற்ற நேரத்திலும் வீட்டில்தான் இருப்பேன்.